மடி இன்னும் தண்ணீருக்குள்

ஓவியப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாத இதழில் என்னுடைய ‘கரைவலை’ ஓவியத்தின் படம் வெளியானது. 6 அடி உயரம், 15 அடி அகலம், கடற்கரையில் கயிறு இழுக்கும் கூட்டம், மொத்தம் 19 பேர். அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒன்றையே கேட்டன: தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் என்னவெல்லாம் செய்தீர்கள்? இந்த மாதம் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்த் தீமிதியை 8 அடிக்கு 5 அடி கேன்வாஸில் வரைய ஆசை. குறைந்தது 25 பேர் வரவேண்டும். இரண்டு மாதமாக முகம் முகமாக வரைந்து குவித்துவிட்டேன். ஆனால் படம் கூடிவரவில்லை. எங்கே தொடங்குவது?
– மாணவர், கும்பகோணம்

தம்பி, வரைந்த முகங்களை ஒரு கோப்புக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள். அவை வீணாகாது. ஆனால் கொஞ்ச நாளைக்கு அவற்றைத் திறக்க வேண்டாம். நீங்கள் இன்னும் முடிவு செய்யாத ஒன்று பாக்கியிருக்கிறது. திருவிழா விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை நடக்கிறது. படத்துக்குக் கிடைப்பது அதில் ஒரே ஒரு நொடி. எந்த நொடி? விறகு எரிந்து தணலாகி, நீளக் கழிகளால் அதைப் பரப்பிவிடும் நேரமா? கரகம் வந்து குழிக்கு முன்னால் நிற்கும் நேரமா? முதல் கால் தணலில் படும் நேரமா? மறுமுனையில் ஒருவர் ஓடிவந்து சாய, நாலு கைகள் தாங்கிக்கொள்ளும் நேரமா? இல்லை, இடுப்பில் பிள்ளையோடு தன் முறைக்காகக் காத்து நிற்கும் ஒரு தாயா? ஒவ்வொன்றிலும் உங்கள் 25 பேரும் வேறு வேறு இடத்தில் நிற்பார்கள், வேறு வேறு பக்கம் பார்ப்பார்கள். நொடியை முடிவு செய்யாமல் வரைந்த முகத்துக்குத் தான் எதைப் பார்க்கிறோம் என்பதே தெரியாது.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் பிரெஞ்சு ஓவியர் தியோடர் ஜெரிகோ. ‘மெதுசாவின் தெப்பம்’ என்ற அவருடைய ஓவியம் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 4.91 மீட்டர் உயரம், 7.16 மீட்டர் அகலம். கதை இதுதான். 1816 ஜூலை 2 அன்று மெதுசா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் செனகலுக்குப் போகும் வழியில், இன்றைய மொரிட்டானியாவின் கரைக்கு அப்பால் மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. படகுகளில் எல்லோருக்கும் இடமில்லை. ஏறத்தாழ 150 பேரை, கப்பலின் மரங்களைக் கொண்டு கட்டிய ஒரு தெப்பத்தில் ஏற்றினார்கள். படகுகள் அதை இழுத்துச் செல்வதாக ஏற்பாடு. கொஞ்ச தூரத்திலேயே கயிற்றை விட்டுவிட்டார்கள். 13 நாள் கழித்து ஆர்கஸ் என்ற கப்பல் அந்தத் தெப்பத்தைக் கண்டுபிடித்தபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். அவர்களில் சிலர் கரையேறிய பிறகு இறந்துபோனார்கள்.

ஜெரிகோவுக்கு அப்போது வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. குதிரை ஓவியங்களுக்குப் பேர் பெற்றவர். பிழைத்து வந்தவர்களில் சாவிஞி என்ற மருத்துவரும் கொரேயார் என்ற பொறியாளரும் சேர்ந்து 1817இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஜெரிகோ அதைப் படித்தார். அவர்களையே தேடிப்போய்ப் பேசினார். பிழைத்தவர்களில் ஒரு தச்சரும் இருந்தார். அவரைக் கொண்டு தெப்பத்துக்கு ஒரு சிறு மாதிரி செய்யவைத்தார். அதன்மேல் மெழுகு பொம்மைகளை வைத்து இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். பெரிய கேன்வாஸுக்கென்றே பெரிய பட்டறை வாடகைக்கு எடுத்தார். தலையை மழித்துக்கொண்டு, வெளியே போவதை நிறுத்திவிட்டு அதற்குள் அடைந்துகொண்டார். மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளையும் சாகக் கிடப்பவர்களையும் பார்த்து வரைந்தார்.

தம்பி, நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய ஆயத்த ஓவியங்களை. தெப்பத்தில் நடந்த கலகத்தை ஒரு தாளில் வரைந்திருக்கிறார். பசியில் மனிதன் மனிதனைத் தின்ற கொடுமையை இன்னொன்றில். மீட்புப் படகு அருகில் வந்துவிட்ட தருணம் வேறொன்றில். ஒவ்வொன்றும் தனிப் படமாகவே நிற்கக்கூடியது. கடைசியில் எதை எடுத்தார் தெரியுமா? ஆர்கஸ் தொடுவானத்தில் தெரிகிறது, கரும்புள்ளி அளவுதான். அது நம்மைப் பார்த்ததா, பார்க்கவில்லையா? தெப்பத்தில் யாருக்கும் தெரியாது. உண்மையிலேயே அந்தக் கப்பல் முதலில் கண்ணுக்குத் தெரிந்து, மறைந்து, பிறகுதான் திரும்பி வந்தது. முந்தைய தாள்களில் கப்பல் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. போகப்போகச் சிறுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த ஒரு முடிவு எடுத்ததும் மற்றதெல்லாம் தானாக இடம் பிடித்துவிட்டது. கப்பல் வலது பக்கத் தூரத்தில் என்றால் பார்வை எல்லாம் அங்கே. பார்வை அங்கே என்றால் உடல்களும் அந்தப் பக்கம் ஏறவேண்டும்: கீழே இடது மூலையில் இறந்தவர்கள், நடுவே கையூன்றி எழுகிறவர்கள், உச்சியில் துணியை வீசுகிற ஒருவர். கீழே ஒரு முதியவர் மட்டும் இறந்த இளைஞனை மடியில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்க்கிறார். அவருக்குக் கப்பல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. அந்தத் திரும்பிய முதுகை எப்போது பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

உங்கள் தீமிதியில் அந்தக் கரும்புள்ளி எது என்று கண்டுபிடியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

கரைவலை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். படம் முழுக்கத் தேடினேன், ஒரு மீன்கூட இல்லையே!
– வாசகர், நாகப்பட்டினம்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் மீனோடுதான் வரைய நினைத்தேன். 2016இல் தனுஷ்கோடியில் பத்துப் பதினைந்து விடிகாலைகள் மணலில் உட்கார்ந்திருந்தேன். கரைவலை இழுப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விரித்து, மறுமுனையைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டு வருவார்கள். இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் வலையின் மடி, மீனோடு, கரைக்கு வரும்.

மடி கரைக்கு வந்த நேரத்தை முப்பது தடவையாவது வரைந்தேன். வெள்ளி மின்னும் குவியல், சுற்றிக் குனிந்த முதுகுகள், காக்கைகள், கூடைகள். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் மூன்றாம் வாரம் எனக்கே ஒன்று உறைத்தது. மீனைக் கண்டதும் அத்தனை பேரும் கயிற்றை விட்டுவிடுகிறார்கள். நான் அங்கே போனது அந்தக் கயிற்றுக்காக. இரண்டு, மூன்று மணி நேரம் என்ன வரும் என்று தெரியாமல் இழுக்கிறார்களே, அதற்காக.

ஒருநாள் என் ஸ்கெட்ச் புத்தகத்தைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: “டீச்சர், நீங்க கையத்தான் வரையிறீங்க. கயித்தக் கை பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். இழுக்கறது குதிகாலு.” நான் அன்றுவரை வரைந்த தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். எல்லோருக்கும் புஜம் புடைத்திருந்தது, பாதம் எல்லாம் மணலில் மங்கலாக முடிந்திருந்தது. மறுநாள் முழுக்கக் கால்களை மட்டும் வரைந்தேன். குதிகால் புதைந்து, அதற்கு முன்னால் மணல் சிறு வரப்பாகத் திரண்டு நிற்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எத்தனை காலம் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அதனால் என் படத்தில் மடி இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. தூரத்தில் கடலின் நிறம் ஓரிடத்தில் கொஞ்சம் மாறியிருக்கும், நன்றாகப் பாருங்கள். எட்டுப் பேரின் பார்வை அங்கே போகிறது. மற்றவர்கள் பார்க்கக்கூட இல்லை, கயிற்றோடு இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் வெற்று மணல் மிச்சமிருக்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு இருக்கவேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு மாதம் போனது. குறைத்தால் வேலை முடிந்துவிட்டது போலத் தெரிந்தது. கூட்டினால் இரண்டு தனிப்படமாகப் பிரிந்துவிட்டது.

சிறு ஸ்கெட்ச், டோன் ஸ்கெட்ச், கலர் ஸ்கெட்ச் என்று இத்தனை தேவையா? நேரே கேன்வாஸில் இறங்கினால் உயிர்த்துடிப்பு இருக்கும் என்கிறார்களே?
– வாசகி, மதுரை

நேரே இறங்கி வென்றவர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய கைக்குப் பின்னால் பல வருட ஸ்கெட்ச் இருந்திருக்கும். ஜெரிகோவின் சீடர் ஒருவர் சொன்னபடி, அவர் வெள்ளைக் கேன்வாஸில் கோடு மட்டும் வரைந்துகொண்டு, மாதிரி ஆளை நிறுத்தி, ஒவ்வோர் உருவமாகக் கையோடு முடித்துக்கொண்டே போவார். பார்த்தவர்களுக்கு அது துணிச்சலாகத் தெரிந்திருக்கும். எது எங்கே என்பது அதற்கு முன்பே அவருக்குத் தீர்ந்துவிட்டிருந்தது. அதனால்தான் ஏறத்தாழ எட்டு மாதத்தில் அவ்வளவு பெரிய படம் முடிந்தது. சலோன் என்ற பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் 1819இல் வைக்கவும் முடிந்தது.

நான் செய்வதைச் சொல்கிறேன். படத்தின் விகிதம் முதலில். 6க்கு 15 என்றால் 2 அங்குலத்துக்கு 5 அங்குலம். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் கருப்பு, சாம்பல், வெள்ளை மூன்றே பட்டைகளில் படத்தை அமைப்பேன். ஆள் கிடையாது, கை கால் கிடையாது, வெறும் திட்டுகள். ‘கரைவலை’க்கு இப்படி 140 கட்டங்கள் போட்டேன். அதில் ஒன்றைச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தேன். என்ன நடக்கிறது என்று புரியாவிட்டாலும் ஏதோ பாரமாக இழுபடுகிறது என்பது தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

நிறத்தை அதற்குப் பிறகுதான் யோசிப்பேன். 12 அங்குலத்துக்கு 30 அங்குலப் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் ஒரு சிறு பிரதி. காலை வெயில் மஞ்சளா, சாம்பலா? சேலையின் சிவப்பு எத்தனை இடத்தில் வரலாம்? (ஓரிடத்தில் மட்டும். இரண்டாவது சிவப்பு வந்ததும் கண் கயிற்றை விட்டுவிட்டுச் சேலைக்குச் சேலை தாவத் தொடங்கியது.) இந்தத் தவறுகளைச் சிறு பலகையில் செய்தால் ஒரு மாலையோடு போகும். 15 அடியில் செய்தால் ஒரு பருவம் போகும்.

மாதிரியாக நிற்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இழுப்பது, தூக்குவது போன்ற நிலைகளில் ஒருவரை எப்படி நிறுத்திவைப்பது?
– ஓவிய ஆசிரியர், புதுச்சேரி

இழுப்பது போல நிற்கச் சொன்னால் யாராலும் முடியாது. இரண்டு நிமிடத்தில் உடம்பு நிமிர்ந்துவிடும், முகம் மட்டும் சிரமப்படும். பாரத்தை நடிக்க முடியாது, அதனால் உண்மையான பாரத்தைக் கொடுங்கள். நான் என் வீட்டு வேப்பமரத்தில் வடக்கயிற்றைக் கட்டினேன். நிற்பவர் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் மரம் அவரைத் தாங்கிக்கொள்ளும். இழுக்கும் உடம்பின் சாய்வு அப்படியே கிடைக்கும், நிற்கவும் முடியும். கீழே ஆற்று மணலைக் கொட்டியிருந்தேன், குதிகால் புதைவதற்காக. பத்து நிமிடம் நிற்பது, ஐந்து நிமிடம் ஓய்வு. ஓய்வுக்கு முன் பாதத்தைச் சுற்றி மணலில் குச்சியால் கோடு போட்டுவிடுவேன், திரும்ப வந்து அதே இடத்தில் நிற்க. காலை 7 முதல் 9 வரை மட்டும். அதற்குமேல் வெயிலின் சாய்வு மாறிவிடும்.

ஆள் கிடைப்பதில்லை என்கிறீர்கள். அந்த வேலையைச் செய்கிறவர்களையே கேளுங்கள். கடலுக்குப் போனால் கிடைக்கும் ஒரு நாள் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், சாப்பாடு போடுங்கள், அன்று வரைந்ததை அவர்களுக்குக் காட்டுங்கள். எனக்கு ஐந்து பேர் வந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் பெண்கள். அந்த ஐந்து பேர்தான் படத்தில் கயிறு இழுக்கும் 18 பேர். நண்பர்களையும் கேட்கலாம். ‘மெதுசாவின் தெப்ப’த்தில் முன்னால் குப்புறக் கிடக்கும் இளைஞர், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஓவியர் தெலக்ருவா. நண்பருக்காக வந்து கிடந்தார்.

சென்னை மெரினாவில் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பார்க்காதவர் இருக்கமாட்டீர்கள். மாணவர்களை அழைத்துக்கொண்டு போனால், சிலையைச் சுற்றி வந்து, நான்கு பேரில் யாருடைய பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று கேளுங்கள். முகத்தைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஒரு வருட உருவப் பாடம் அங்கே வெயிலில் இலவசமாக நிற்கிறது.

புகைப்படத்தைப் பார்த்து வரைவது தவறா?
– வாசகர், சேலம்

தவறில்லை. ஆனால் அதை நம்பி நான் ஒரு பெரிய படத்தையே இழந்திருக்கிறேன்.

1998இல் ஒரு சந்தைக் காட்சி. 12 பேர். ஒவ்வொருவரையும் தனித்தனிப் புகைப்படமாக எடுத்து, தனித்தனியாக வரைந்து கேன்வாஸில் சேர்த்தேன். முடிந்ததும் பார்த்தால் பூக்காரி மேல் காலை வெயில், பக்கத்தில் நிற்கும் பாத்திரக்காரர் மேல் மாலை வெயில். அதைக்கூடத் திருத்தியிருப்பேன். கண்மட்டம்தான் கொன்றுவிட்டது. சிலரை நின்றுகொண்டு எடுத்திருந்தேன், சிலரை உட்கார்ந்து எடுத்திருந்தேன். ஒருவர் தரையில் நிற்கிறார், அடுத்தவர் மிதக்கிறார். ஒன்பது மாத வேலை. சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்தேன். இன்னும் பரணில் இருக்கிறது.

இதற்கு ஒரு விதி உண்டு, எளிமையானது. சமதளத்தில் ஒரே உயரமுள்ள மனிதர்கள் அருகிலும் தூரத்திலும் நின்றால், தொடுவானக் கோடு அவர்கள் எல்லோரையும் உடம்பின் ஒரே இடத்தில்தான் வெட்டும். நீங்கள் நின்று பார்த்தால் கண்ணுயரத்தில். மணலில் உட்கார்ந்து பார்த்தால் ஏறக்குறைய இடுப்புக்குக் கீழே. ‘கரைவலை’யை நான் உட்கார்ந்து பார்த்ததாகவே அமைத்தேன். அதனால் எல்லோருடைய மார்பும் தலையும் கடலுக்கு மேலே, வானத்தில் எழுந்து நிற்கின்றன. உட்கார்ந்த கண்ணுக்குத்தான் அந்த மனிதர்கள் அவர்களுக்குரிய உயரத்தில் தெரிந்தார்கள்.

செல்போனில் எடுக்கும்போது இன்னொரு சங்கடம். மிக அருகில் போய் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பூசணிக்காய் போலப் பெருத்துவிடும், பின்னால் இருக்கும் தலை சிறுத்துவிடும். பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று எடுங்கள். சேலை மடிப்பு, நுரையின் வடிவம், பறக்கும் முடி போன்ற நில்லாத விஷயங்களுக்குப் புகைப்படம் பெரிய துணை. பாரத்துக்கும் இடத்துக்கும் அதை நம்பாதீர்கள். அதற்குக் களிமண் நல்லது. ஐந்தங்குல உயரத்தில் பொம்மைகள் பிடித்து, மணல் பரப்பிய பலகையில் நட்டு, ஒரே ஒரு விளக்கை வைத்துப் பார்ப்பேன். யார் நிழல் யார் மேல் விழுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். வெனிஸ் ஓவியர் டின்டொரெட்டோ பதினாறாம் நூற்றாண்டிலேயே சிறு மெழுகு உருவங்களைப் பெட்டிக்குள் நிறுத்தி, விளக்கு வைத்துப் பார்த்து வரைந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் சொல்கிறார்.

சிறு படத்தைப் பெரிதாக்குவது எப்படி? ப்ரொஜெக்டர் வாங்க வசதியில்லை.
– வாசகி, விருதுநகர்

வாங்கவேண்டாம். கட்டம் போடுங்கள். என் 12க்கு 30 அங்குலப் பலகையில் 2 அங்குலக் கட்டங்கள்; கேன்வாஸில் ஓரடிக் கட்டங்கள். இரண்டிலும் 90 கட்டங்கள். சென்னையில் சினிமா பேனர் எழுதிய கலைஞர்கள் உள்ளங்கை அளவுப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதைக் கொண்டே முப்பது நாற்பதடி முகத்தை எழுப்பினார்கள். வினைல் வந்து அந்தத் தொழிலை விழுங்கிவிட்டது. அவர்கள் கைக்கு நிகரான கையை நான் ஓவியக் கல்லூரியில்கூட அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு வழி, உங்கள் தெருவிலேயே இருக்கும். ஆரி வேலை செய்யும் கடையில் ரவிக்கைக்கு டிசைன் எப்படி இறக்குகிறார்கள் என்று பாருங்கள். ட்ரேசிங் பேப்பரில் கோட்டின் மேலேயே ஊசியால் வரிசையாகக் குத்தி, துணிமேல் வைத்து, பொடி கலந்த மண்ணெண்ணெயைத் தேய்த்தால் புள்ளி புள்ளியாக இறங்கும். இத்தாலியச் சுவரோவியர்களும் இதையேதான் செய்தார்கள், மண்ணெண்ணெய்க்குப் பதில் கரித்தூள் மூட்டை. முன்னால் நிற்கும் ஆறு பேரை நான் முழு அளவில் தாளில் சார்கோலால் வரைந்து, ஊசி குத்தி, கரித்தூள் தட்டித்தான் கேன்வாஸில் இறக்கினேன். சிக்கலான உருவத்துக்குக் கட்டம் போதாது.

இவ்வளவு திட்டமிட்டால் நடுவில் எதையும் மாற்ற முடியாதே?
– வாசகர், ஈரோடு

மாற்றலாம். திட்டமிட்டவர்தான் தைரியமாக மாற்றமுடியும், ஏனென்றால் எது அசைந்தால் எது விழும் என்பது அவருக்குத் தெரியும்.

இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1509 முதல் 1511 வரை வாட்டிகனில் வரைந்த ‘ஏதென்ஸ் பள்ளி’ சுவரோவியத்துக்கு முழு அளவு ஆயத்த வரைபடம் உண்டு. மிலான் நகரில் அம்ப்ரோசியானா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 8 மீட்டர் அகலம். பல தாள்களை ஒட்டிச் செய்தது. அதில் தூண்களும் வளைவுகளும் இல்லை, மனிதர்கள் மட்டும். மனிதர்களிலும் முக்கியமான ஒருவர் இல்லை. படிக்கட்டின் முன்னால் கன்னத்தில் கைவைத்துத் தனியே உட்கார்ந்திருப்பாரே, அவர் வரைபடத்தில் கிடையாது. சுவரில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அந்த இடத்தில் புதுச் சாந்து பூசி அவரை நுழைத்திருக்கிறார் ரஃபேல். அவரை எடுத்துவிட்டு அந்தப் படத்தை யோசித்துப் பாருங்கள். முன்பக்கம் பெரிய வெறுமை.

என் படத்திலும் ஒருவர் பிறகுதான் வந்தார். இடது ஓரத்தில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மா. 18 பேரும் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். படம் மூச்சு விடாமல் இருந்தது. ஒரு கயிற்றையும் பிடிக்காத ஓர் உடம்பு வேண்டும் என்று ஏழாம் மாதம் தோன்றியது. பழைய ஸ்கெட்ச் புத்தகத்தைப் புரட்டினால் அவர் 2016லேயே அங்கே உட்கார்ந்திருக்கிறார், மூன்று பக்கத்தில்.

இவ்வளவு பெரிய கேன்வாஸ் எப்படிக் கிடைத்தது? வாசலைத் தாண்டி வந்ததா?
– வாசகர், திருநெல்வேலி

5 அடி அகலத்தில் மூன்று துண்டு. மாடிப்படியின் திருப்பத்தை அளந்த பிறகே இந்த அளவை முடிவு செய்தேன். நீங்களும் படத்துக்கு முன்னால் படியை அளந்துவிடுங்கள். இணைப்புக் கோடு எந்த முகத்திலும் விழக்கூடாது. என் படத்தில் இரண்டு கோடும் மணலிலும் கடலிலும் மட்டும் ஓடும்படி ஆட்களை நகர்த்தினேன். வண்ணம் பற்றி ஒரே வார்த்தை: கறுப்புக்கு ஆசைப்பட்டுத் தார்ச் சேர்மானங்களைத் தொடாதீர்கள். ‘மெதுசாவின் தெப்பம்’ வருடத்துக்கு வருடம் இருண்டுகொண்டே போய், 1859–60இல் இரண்டு ஓவியர்கள் அதற்கு முழு அளவுப் பிரதி எடுக்கவேண்டி வந்தது. பிரதி பிரான்ஸின் அமியேன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மாதிரியாக நின்ற மீனவர்கள் படத்தைப் பார்த்தார்களா? என்ன சொன்னார்கள்?
– வாசகி, ராமநாதபுரம்

வந்தார்கள். குடும்பத்தோடு ஒரு வேனில் வந்தார்கள். பெண்கள் இருவரும் தங்களைக் கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் படத்தில் நான்கு இடத்தில் இருக்கிறார். அவர் மகன் எண்ணிச் சொன்னான். குதிகால் என்று சொன்ன பெரியவர் எதுவும் பேசாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு தடவை நடந்தார். எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டே போனார். பிறகு வலது கூட்டத்தில் மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் நடுவில் நின்றார்.

“இங்க கயிறு தொய்யுது டீச்சர். முன்னாலயும் பின்னாலயும் இப்படி இழுக்கையில நடுவுல தொய்யாது.”

சரிதான். ஒன்றரை அங்குலம் கீழே வளைந்திருந்தது. கயிறு வளைந்தால் அழகாக இருக்கும் என்று நானாக வளைத்தது, எந்த ஸ்கெட்சிலும் இல்லாதது. அந்த வாரமே கயிற்றைச் சுரண்டி எடுத்து, நூல் பிடித்து நேராக்கினேன். கயிறு நேரானதும் நான்காவது ஆளின் முழங்கையையும் கொஞ்சம் ஏற்றவேண்டி வந்தது. சென்ற மாதம் இதழில் அச்சான புகைப்படம் அதற்கு முன்னால் எடுத்தது. அதில் பழைய கயிறுதான் இருக்கிறது.